பதினோராம் நாளுக்குப் பிறகு: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் ஆலய இளைஞர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லவிருக்கும் முகாமின் அறிவிப்புத்தாள், சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வாங்க நின்றபோது என் கைக்கும் வந்து சேர்ந்தது. நீச்சல், மலைநடை, பஜனை, தமிழ் வகுப்பு ஆகியவற்றுக்கு இடையே, இரண்டாம் நாள் பிற்பகலுக்கு ‘குவாட் பைக் சவாரி, 12 வயதுக்கு மேற்பட்டோர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டி அது. பெற்றோர் கையெழுத்திட்டுக் கிழித்துத் தர வேண்டிய அடிப்பகுதியில், காயம் ஏற்பட்டால் எவரும் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் உள்ள ‘காயம்’ என்ற சொல் எத்தனை ஆண்டுகளைக் குறிக்கிறது என்பதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2011 வரை நானும் யோசித்ததில்லை.

அந்த ஆண்டு ஈஸ்டர் சனிக்கிழமை, வடகரைப் பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்துப் பாதையில் இரண்டு குவாட் வண்டிகள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 17 வயதான என் தங்கை மகன். மற்றொன்றில் குழுவுக்கு வழிகாட்டியாக வந்த சூலு இளைஞர். எந்த இடம், எவருடைய தோட்டம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, பழி தீர்ப்பதற்காக எழுதும் மடல் அல்ல இது. ஆனால் மோதல் எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே காலத்தில், அதே விதமான பாதைகளுக்குத்தான் நீங்களும் போகிறீர்கள். நம் மாகாணத்தில் சர்க்கரை ஆலைகள் ஏப்ரல் வாக்கில்தான் அரைவையைத் தொடங்கும். ஆகவே ஈஸ்டர் சமயத்தில் பெரும்பாலான கரும்பு வெட்டப்படாமல் ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும். இரண்டு பாதைகள் குறுக்கிடும் இடத்தில் நான்கு பக்கமும் பச்சைச் சுவர்தான். எதிரே வரும் வண்டியின் ஓசை, ஹெல்மெட்டுக்குள்ளே நம் வண்டியின் ஓசையில் அமிழ்ந்துபோகும். பின்தங்கியவர்களைத் தேடி வழிகாட்டி திரும்பி வந்தார். முன்னே போனவர்களைப் பிடிக்கப் பையன் விரைந்தான். இருவரும் அதிவேகமாகப் போகவில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

வேகம் வேண்டியதும் இல்லை. குவாட் வண்டியின் எடை சாதாரணமாக 200 முதல் 300 கிலோவுக்கு மேலும் போகும். உட்கார்ந்திருப்பவரைப் பிடித்து வைக்கப் பட்டையோ, மேலே கூரையோ கிடையாது. நான்கு சக்கரங்களைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிளைவிட நிலையானது என்று தோன்றும். உண்மையில் அதன் எடை உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையிலான அகலமோ குறைவு. பல மாடல்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகச் சேர்ந்திருப்பதால், திருப்பும்போது ஓட்டுபவர் தம் உடம்பைச் சாய்த்துத்தான் வண்டியை வளைக்க வேண்டும். அதற்குப் போதிய எடையும் கை நீளமும் 12 வயதுப் பிள்ளைக்கு இருக்காது. பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொண்டால் பெரியவருக்கே அது கைகூடாது. மூன்று சக்கர வகை இதைவிடக் கேடாக இருந்ததால்தான் அமெரிக்காவில் 1988இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இவற்றை ஓட்டவே கூடாது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. ஆஸ்திரேலியாவிலோ, பண்ணை வேலைக்கு விற்கப்படும் புதிய குவாட்களில் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் நசுங்காதபடி தடுக்கும் காப்பு வளைவு இருக்க வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இங்கே நம் பிள்ளைகள் ஏறப்போகும் வண்டியில் அப்படி ஏதாவது உண்டா என்று வாடகைக்கு விடுபவரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

பையனைப் பதினோராம் நாள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையில் சிறு ரத்தக்கசிவு, அறுவை தேவையில்லை. வலது முழங்காலில் தகடும் திருகுகளும். இடது கை மட்டும் ‘கொஞ்ச நாளில் வந்துவிடும்’. தங்கை மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். நீங்கள் வைத்திருக்கும் விபத்துப் பதிவேட்டில், அப்படியொன்று இருந்தால், இந்தக் கதை அந்தப் பதினோராம் நாளோடு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது அன்றைக்குத்தான் தொடங்கியது.

முழங்காலைப் பற்றி முதலில் சொல்கிறேன், அது புரிந்துகொள்ள எளிது. மூட்டைத் தாங்கும் கீழெலும்பின் மேல்தளம் நொறுங்கினால், எலும்பு கூடிவிட்டாலும் அதன்மேல் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. சற்றே மேடு பள்ளமான தளத்தில் ஒவ்வொரு அடியும் அதைத் தேய்க்கிறது. அறுபது வயதில் வர வேண்டிய மூட்டுத் தேய்மானம் அவனுக்கு 29 வயதில் வந்தது. செயற்கை மூட்டு வைக்கலாம், ஆனால் அதுவும் தேயும் பொருள். இளவயதில் வைத்தால் வாழ்நாளில் மறுபடியும் மாற்ற வேண்டிவரும் என்பதால் மருத்துவர்கள் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். அதுவரை மாத்திரை, ஊன்றுகோல், படி ஏறாமல் இருத்தல். இதே அடி வளரும் வயதுப் பிள்ளையின் எலும்பு முனையில், வளர்ச்சி நடக்கும் தட்டில் பட்டால் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். விபத்து நடந்த ஆண்டில் அது கண்ணுக்குத் தெரியாது.

கை விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். கழுத்திலிருந்து தோளுக்கு அடியில் இறங்கிக் கைக்குப் போகும் நரம்புக் கற்றை, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் அறையும்போது, இழுபட்டு அறுகிறது. அறுந்த நரம்பு மறுபடி வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். தோளிலிருந்து விரல் நுனி வரை அளந்து பாருங்கள், 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட 700 நாள். ஆணை வராத தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் சுருங்கி, பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் அசையாத நிலைக்குப் போய்விடுகிறது. இதனால்தான் நரம்பு ஒட்டு அறுவையை முதல் ஆறு மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்கிறார்கள். ‘கொஞ்ச நாளில் வந்துவிடும்’ என்ற சொல்லை நம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒன்பதாம் மாதத்தில்தான் அதற்கான நிபுணரைப் பார்த்தோம். முழங்கை இப்போது மடங்குகிறது. விரல்கள் மடங்குவதில்லை. தைப்பூசத்துக்குக் காவடியை ஒரு கையால் பிடிக்கிறான், மறுபக்கத்தைத் தம்பி தாங்குகிறான்.

இவ்வளவும் கண்ணால் பார்க்கக்கூடியவை. மீதி விஷயத்தைத்தான் உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விபத்துக்குப் பிறகு எட்டாம் மாதம் தங்கை என்னிடம், “அக்கா, இவன் என் பிள்ளை மாதிரி இல்லை” என்றாள். முகம் அதே முகம், குரல் அதே குரல். ஆனால் சின்னச் சின்ன விஷயத்துக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பாட்டியிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னான், பத்து நிமிடத்தில் அதை மறந்தான். மூன்று வேலை சொன்னால் முதலாவதைச் செய்துவிட்டு நின்றான். குழம்பு தீய்ந்து வீடெல்லாம் புகைந்தபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். உறவினர்கள் இதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள். விபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு சோம்பேறியாகிவிட்டான் என்றார் ஒரு மாமா. கண்ணேறு கழித்தோம், எலுமிச்சை சுற்றினோம். கழிப்பதில் தவறில்லை, ஆனால் அதற்கு முன் மூளைக்காயம் தெரிந்த மருத்துவரிடம் போயிருக்க வேண்டும்.

மூளையின் முன்பகுதி, மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தலை சட்டென்று நின்றால் அந்தப் பகுதிதான் முதலில் உரசிக் காயப்படும், ஹெல்மெட் போட்டிருந்தாலும்கூட. பொறுமை, திட்டமிடுதல், நாவடக்கம் ஆகியவற்றை ஆளும் பகுதி அதுவே. முகர்வு நரம்பின் மெல்லிய இழைகளும் அங்கேதான் மண்டையோட்டைத் துளைத்து இறங்குகின்றன, அவை அறுந்ததால்தான் அவனுக்குத் தீய்ந்த வாசனை தெரியவில்லை. இன்றும் கேஸ் கசிந்தால் அவனுக்குத் தெரியாது என்பதால் தங்கை அவனைத் தனியே விட்டுப் போவதில்லை. மூளை நரம்பிழைகள் ஆங்காங்கே இழுபட்டு அறுவது சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது’ என்ற சொல், பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று பொருள்படாது என்பதை எங்களுக்குச் சொன்னவர், மூன்று ஆண்டு கழித்து வந்த ஒரு பேச்சுச் சிகிச்சையாளர். சிறுவயதில் அடிபட்டவர்களுக்கு இது இன்னும் தாமதமாக வெளிப்படும். பத்து வயதில் யாரும் எதிர்பார்க்காத பொறுப்பை இருபது வயதில் உலகம் எதிர்பார்க்கும்போதுதான், அந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்பது தெரிய வரும்.

உதிரிபாகக் கடை ஒன்றில் கிடைத்த வேலை ஐந்து மாதம் நீடித்தது. 24 வயதில், விபத்து நடந்து ஏழு ஆண்டுக்குப் பின், முதல் வலிப்பு வந்தது. தலையில் பட்ட அடியின் வடு இப்படிப் பல ஆண்டு உறங்கிக் கிடந்துவிட்டு எழுவது உண்டு என்று அப்போதுதான் அறிந்தோம். அன்றோடு அவன் வாகனம் ஓட்டுவதும் நின்றது.

அந்த வழிகாட்டியைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முகாமிலும் அப்படி ஒருவர் முன்னால் போவார், அவர் பெயர் உங்கள் தாளில் இருக்காது. அவருக்கு முதுகுத்தண்டு நெஞ்சு மட்டத்தில் முறிந்தது. நான் அவரைப் பார்க்கப் போகத் தொடங்கியது மூன்றாம் ஆண்டில்தான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். சக்கர நாற்காலி இருந்தது, ஆனால் வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை செம்மண் மேட்டுப்பாதை; மழை பெய்தால் நாற்காலி புதையும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தவறினால் உணர்ச்சியில்லாத தோலில் புண் விழுந்து எலும்பு வரை போய்விடும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், அது தடைப்பட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. நெஞ்சின் மேல்பகுதியில் தண்டு முறிந்தவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: நிறைந்த சிறுநீர்ப்பையோ, மடங்கிய விரல்நகமோகூட ரத்த அழுத்தத்தைத் திடீரென்று உயிர்போகும் அளவுக்கு ஏற்றிவிடும். இவற்றையெல்லாம் அவருக்குச் செய்தது பள்ளிக்குப் போக வேண்டிய அவருடைய தங்கை. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்காக 1978 முதல் இந்நாட்டில் இயங்கும் குவாட்பாரா சங்கம் நம் மாகாணத்திலேயே இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் நாள்கூலிக்கு வந்தவருக்கும் பொருந்தும், முதலாளி பதிவு செய்யாமல் இருந்தாலும் பொருந்தும், ஆனால் அப்போதைய விதிப்படி 12 மாதத்துக்குள் கோர வேண்டியிருந்தது. நான் போனபோது 12 மாதம் கடந்துவிட்டிருந்தது. 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிக் கரும்பு வெட்டியவர்களின் வழிவந்த நமக்கு, தோட்டத்தில் அடிபட்ட கூலிக்காரரின் கதை புதிதாக இருக்கக் கூடாது.

இனி உங்கள் அறிவிப்புத்தாளின் அடியில் உள்ள அந்த ஒரு வரிக்கு வருகிறேன். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது எங்கள் விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான். கடும் அலட்சியத்தால் விளைந்த இழப்புக்குப் பொறுப்பில்லை என்று பணம் வாங்கிச் சேவை தருபவர் எழுதி வாங்கும் நிபந்தனை அச்சட்டப்படி செல்லாது. பலத்த காயமோ மரணமோ நேரக்கூடிய விளையாட்டாக இருந்தால் அந்த ஆபத்து என்ன, அதன் விளைவு என்ன என்பதை எளிய மொழியில், கண்ணில் படும்படி சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே வரியில் சிறிய எழுத்தில் போடுவது வாடகைக்கு விடுபவரையும் காக்காது, உங்களையும் காக்காது. பெற்றோரை மட்டும் அது பயமுறுத்தி வீட்டோடு இருக்கச் செய்யும்.

சாலை விபத்து நிதியத்தை நம்பியும் இருந்துவிடாதீர்கள். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் அதற்கு வரி கட்டுகிறோம். 2021இல் அது 2 ராண்ட் 18 சென்டாக உயர்ந்தது. நாட்டில் எந்த இடத்தில் விபத்து நடந்தாலும், தனியார் நிலமாக இருந்தாலும், நிதியம் பொறுப்பேற்கலாம் என்பது உண்மை. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மோதிய வாகனம் ‘சாலையில் செல்வதற்காக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட’ ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டத்து பக்கி, அதாவது சிறு சரக்கு வண்டி, வந்து மோதினால் சிக்கலில்லை. குவாட்டும் குவாட்டும் மோதினால் வாதம் அந்த வரையறையிலேயே நின்றுவிடும். எங்கள் வழக்கறிஞரும் அங்கேதான் நின்றார். வலிக்கும் வேதனைக்குமான இழப்பீட்டைப் பெற, உடலின் மொத்தக் குறைபாடு 30 விழுக்காட்டை எட்ட வேண்டும், அல்லது நீண்டகாலக் கடும் பாதிப்பு என்று மருத்துவர் அதற்குரிய படிவத்தில் நிறுவ வேண்டும். முகர்வு போனதும் குணம் மாறியதும் அந்தப் படிவத்தில் தானாக ஏறிக்கொள்ளா; யாராவது கேட்டு, சோதித்து, எழுதினால்தான் உண்டு.

எங்கள் தவறு இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். எட்டாம் மாதத்தில் வாடகைக்கு விட்டவர் தரப்பிலிருந்து ஒரு தொகை வந்தது. மருத்துவமனைச் செலவு போக மிச்சம் நிற்கும் அளவான தொகைதான். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற தாளில் தங்கையும் மைத்துனரும் கையெழுத்திட்டார்கள். வலிப்பு அப்போது வரவில்லை. மூட்டு தேயவில்லை. கை வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். பத்தாம் ஆண்டின் செலவை முதலாம் ஆண்டின் விலைக்கு விற்றுவிட்டோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குவாட் சவாரியை இந்த ஆண்டே முகாமிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கு வைப்பதாக இருந்தால், ஒருவழிச் சுற்றாக மட்டும் ஓடும், கரும்பு மறைக்காத திறந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள், எதிரும் புதிருமாக வண்டி வர வழியே இருக்கக் கூடாது. ஒரு வண்டியில் ஒருவர்தான். வழிகாட்டி திரும்பி வர வேண்டிவந்தால் மற்ற எல்லா வண்டிகளும் நின்ற பிறகே வர வேண்டும். முகாமுக்கான விபத்துக் காப்பீட்டில் சாலைக்கு வெளியே ஓடும் வாகனங்கள் விலக்கப்பட்டிருக்கின்றனவா, நிரந்தர ஊனத்துக்கு எவ்வளவு என்று முதலில் வாசியுங்கள். விலக்கியிருந்தால் சவாரியையும் விலக்குங்கள். வழிகாட்டிகளின் முதலாளி தொழிலாளர் இழப்பீட்டு நிதியில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், அது உங்கள் வேலையல்ல என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதையும் மீறி அடிபட்டால், வண்டியின் புகைப்படம், பாதையின் புகைப்படம், பார்த்தவர்களின் பெயர், மருத்துவமனைத் தாள்களின் நகல் ஆகியவற்றை அன்றே ஒரு கோப்பில் சேர்த்துக் குடும்பத்திடம் கொடுங்கள். வழக்குத் தொடரப் பெரியவர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு உண்டு. இதற்கு மேல் உடல் தேறாது என்று மருத்துவர்கள் சொல்லும் கட்டம் வரும் வரையில் இறுதித் தீர்வுத் தாளில் யாரையும் கையெழுத்திட விடாதீர்கள், மூன்றாம் ஆண்டு நெருங்கினால் வழக்கறிஞரிடம் கூட்டிப் போங்கள். கை அசையாவிட்டால் ஆறு மாதத்துக்குள் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்டினார்களா என்று கேளுங்கள். குணம் மாறியதாகத் தாய் சொன்னால் நம்புங்கள். ஆறாம் மாதம், முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று குழுவில் ஒருவரைக் குறித்து அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். கோயில் கட்டடக் கணக்கை நாற்பது ஆண்டாகப் பிசகாமல் வைத்திருக்கும் நமக்கு இது முடியாத காரியம் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி வேண்டுகிறேன். அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கேள்விகளுக்குத் தானே பதில் சொல்ல விரும்புகிறான். முடிந்தால் கூட்டத்தைக் காலையில் வையுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவனுக்குச் சொற்கள் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆலயத்துக்கு வரும் ஒரு பெரியம்மா,
டர்பன்